தாயத்தும் டப்பாவும்



இன்றையக் கூட்டத்திற்கு வருகிறவர்கள் வீட்டில் கிடக்கும் காலி டப்பா, புட்டி, டியூப் ஏதாவதொன்றைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்று துண்டு நோட்டீசில் போட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு, "சுயமரியாதைக்காரர்கள் பழைய சாமான் வியாபாரம் ஆரம்பித்துவிட்டார்களா?" என்று கடைவீதியில் ஒருவர் கேட்டாராம். கேட்கட்டும். இந்த மேசைமேல் இப்பொழுது முப்பதுக்குக் குறையாமல் சேர்ந்திருக்கிறது. கொண்டுவந்தவர்களில் அநேகமாக எல்லோரும் தாய்மார்கள். அவர்களுக்கு என் வந்தனம். ஆண் பிள்ளைகள் கொண்டுவந்தது ஒரே ஒரு முகப்பூச்சு டியூப். அதைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறேன்.

நாம் இத்தனை காலமாகக் கோவில், சடங்கு, சோதிடம், தாயத்து ஆகியவைகளைப் பற்றிப் பேசி வந்திருக்கிறோம். அதன் பயனாகப் பலர் தாயத்தை அறுத்தெறிந்திருக்கிறார்கள். சந்தோஷமே. ஆனால் தாயத்தை அறுத்த கைதான் மறுநாள் கடையில் போய் டப்பாவை வாங்குகிறது. தாயத்தை மந்திரவாதி சொன்னான் என்று கட்டினோம். டப்பாவைச் சினிமாக்காரர் சொன்னார் என்று வாங்குகிறோம். ஆள் மாறினானே ஒழிய, ஒருவன் சொன்னான் என்பதற்காக நம்புகிற குணம் மாறியதா என்று கேட்கிறேன்.

இதை நான் ஊருக்கு உபதேசமாகச் சொல்ல வரவில்லை. நானே ஏமாந்தவன். சுமார் பன்னிரண்டு வருஷத்திற்கு முன் என் மகனுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் வரிசை நிறுத்தினால் அவன்தான் முன்னால் நிற்பான். அவ்வளவு குள்ளம். என் தாயார் ஒரு மந்திரவாதியிடம் 101 ரூபாய் கொடுத்துத் தாயத்து ஒன்று வாங்கி வந்தார்கள். நான் விடுவேனா? மேடையில் பேசுகிறவன் வீட்டில் தாயத்தா என்று பெரிய சண்டை போட்டேன். மூன்று நாள் தாயும் பிள்ளையும் பேசவில்லை. தாயத்து பரணுக்குப் போய்விட்டது. அதே மாதம் சம்பளம் வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பிள்ளைகள் உயரமாக வளரும் என்று விளம்பரம் செய்த மால்ட் பொடி ஒன்றை வாங்கி வந்து, இதுதான் விஞ்ஞானம் என்று சொல்லி, பாலில் கலக்கிக் கொடுக்க ஆரம்பித்தேன். பதினான்கு மாதம் வாங்கினேன். இரண்டு மாதம் கடன் சொல்லிக்கூட வாங்கினேன்.

ஒரு நாள் என் தாயார் கேட்டார்கள்: "எந் தாயத்துக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுதான். உன் டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமாடா? என்னுது ஒரு தடவைக் காசு. உன்னுது மாசாமாசம் காசு."

தோழர்களே! எத்தனையோ சாஸ்திரிகளோடு வாதம் செய்திருக்கிறேன். பதில் சொல்ல வாய் எழாமல் நின்றது அன்றைக்குத்தான். அந்த அம்மாளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

அன்று இராத்திரியே விளக்கடியில் டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குப் பள்ளிப்படிப்பு கொஞ்சந்தான். இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே உரமூட்டையையும் மருந்துப் பெட்டியையும் பார்த்துத்தான். ஆதலால் அந்தப் பொடி எழுத்து எனக்குப் பழக்கம். முன்பக்கம் பெரிய எழுத்து, ஓடுகிற பையன் படம். பின்பக்கம் எறும்பு எழுத்தில் அட்டவணை. முன்பக்கம் எழுதியது விற்கிறவன். பின்பக்கம் எழுத வைத்தது சட்டம். நாம் முன்பக்கத்தைப் படிக்கிறோம், பின்பக்கத்தை விட்டுவிடுகிறோம். இவ்வளவுதான் இந்த வியாபாரத்தின் இரகசியம்.

பின்பக்கம் என்ன சொல்லிற்று? அந்தப் பொடியில் 100 கிராமுக்குப் புரதம் சுமார் 11 கிராம். சர்க்கரையோ ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. ஒரு வேளைக்குப் போடச் சொன்ன அளவு 27 கிராம். அப்படியானால் ஒரு தம்ளருக்கு அந்தப் பொடியிலிருந்து கிடைக்கிற புரதம் 3 கிராம். அதைக் கரைக்கிற 200 மில்லி பாலிலேயே 6 கிராமுக்கு மேல் இருக்கிறது! பால் செய்கிற வேலைக்குப் பொடி பெயர் வாங்கிக்கொள்ளுகிறது. தண்ணீரில் கரைத்துக் குடி, வளருவாய் என்று எந்த விளம்பரத்திலாவது சொல்லுகிறானா பாருங்கள்.

தாய்மார்கள் கணக்கு விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் ஆகையால் அவர்கள் முன்னாலேயே கணக்கைப் போடுகிறேன். அரைக்கிலோ டப்பா 250 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் முன்பின் இருக்கலாம். அதில் உள்ள புரதம் மொத்தம் 55 கிராம். முட்டை ஒன்று 7 ரூபாய் என்றால் அதே 250 ரூபாய்க்கு 35 முட்டை. ஒரு முட்டைக்கு 6 கிராம் வீதம் 210 கிராம் புரதம் ஆயிற்று. வேர்க்கடலை கிலோ 150 ரூபாய் என்றால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும். கடலையில் நூற்றுக்கு 25 பங்கு புரதம். அது 400 கிராமைத் தாண்டிவிடுகிறது. அந்த டப்பாவில் வைட்டமினும் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்திருக்கிறார்கள். அது பொய்யல்ல. கீரையும் முட்டையும் பாலும் காணாத பிள்ளைக்கு அதனால் கொஞ்சம் உபயோகம் இருக்கலாம். யோக்கியமாகச் சொல்லவேண்டுமானால் அது விஷமுமல்ல, அமிர்தமுமல்ல. வாசனையும் சத்துத் தூளும் சேர்ந்த, சர்க்கரை மிகுந்த மாவு. மாவு என்று சொல்லி விற்றால் மாவு விலைக்குத்தான் போகும். ஆகையால் உயரம் என்று சொல்லி விற்கிறான்.

"ஆனால் என் பிள்ளை குடித்தான், வளர்ந்தானே?" என்று ஒரு தாய் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆறு வயதிலிருந்து பத்து வயதுவரை ஒரு சாதாரணப் பிள்ளை வருஷத்திற்கு 5, 6 சென்டிமீட்டர் தானாகவே வளருகிறது. நிலைப்படியில் கோடு போட்டுப் பாருங்கள், தெரியும். குடித்த பிள்ளையும் வளரும், குடிக்காத பிள்ளையும் வளரும். வளருகிற பிள்ளையை நான் வளர்த்தேன் என்பதற்கும், விடிகிற பொழுதை நான் கூவித்தான் விடிந்தது என்று சேவல் கூலி கேட்பதற்கும் என்ன வித்தியாசம்? மழைக் காலத்தில் யாகம் செய்துவிட்டு மழை பெய்தது என்று தட்சணை வாங்குகிற புரோகிதரும் இதைத்தானே செய்கிறார்!

அப்படியானால் உண்மையை அறிவது எப்படி? ஒரே வயது, ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரிச் சாப்பாடு உள்ள பிள்ளைகள் சில நூறு பேரை எடுத்துக்கொள்ளவேண்டும். திருவுளச்சீட்டுப் போடுகிற மாதிரி இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதிக்கு இந்தப் பொடி. மற்றப் பாதிக்கு? இங்கேதான் சூக்ஷுமம் இருக்கிறது. மற்றப் பாதிக்கு ஒன்றுமே கொடுக்காமல் பட்டினி வயிற்றோடு விட்டால், பொடி என்ன, வெறுங் கஞ்சி கொடுத்தாலும் ஜெயித்துவிடும். அதே காசுக்கு முட்டையோ கடலையோ கொடுத்துப் பார்த்து, அதற்கும் மேலாகப் பொடி குடித்த பிள்ளைகள் வளர்ந்தால் அப்பொழுது ஒப்புக்கொள்ளலாம். அளந்து எடுக்கிறவனுக்கு எந்தப் பிள்ளை எதைக் குடித்தது என்று தெரியக்கூடாது. தெரிந்தால் கை சாயும். பிறகு அந்தக் கணக்கைக் கம்பெனியின் சம்பளம் வாங்காதவன் எவனாவது பார்த்துச் சரியென்று சொல்லவேண்டும். "விஞ்ஞான ரீதியாக நிரூபிக்கப்பட்டது" என்று டப்பாவில் கண்டால், எதோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குப் பாதி விளம்பரம் செத்துப்போகும்.

நான் சொல்லுவது கற்பனையல்ல. 2008ஆம் வருஷம் இங்கிலாந்தில் நடந்த சங்கதி ஒன்றைக் கேளுங்கள். ஹார்லிக்ஸ் குடித்தால் பிள்ளைகள் உயரமாகவும் பலமாகவும் கூர்மையாகவும் ஆவார்கள் என்று ஒரு விளம்பரம். அது வங்காள தேசத்து ஜனங்களுக்கென்று தயாரித்தது. தவறிப்போய், இங்கிலாந்தில் தெரியும் ஒரு நேபாளித் தொலைக்காட்சியில் வந்துவிட்டது. அங்கே விளம்பரங்களைக் கண்காணிக்கும் ஸ்தாபனம், இதற்குச் சாட்சியம் எங்கே என்று கேட்டது. கொடுத்த பதிலில் அதற்குத் திருப்தி ஏற்படாததால், அந்த விளம்பரம் இனி அங்கே வரக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. காம்ப்ளான் விளம்பரத்திற்கும் அதே கதி. கம்பெனிக்காரர் சொன்ன சமாதானம் என்ன? இது உங்கள் ஊருக்காகச் செய்ததல்ல, தெரியாமல் வந்துவிட்டது என்பதுதான். தோழர்களே! வெள்ளைக்காரப் பிள்ளைக்குச் சாட்சியம் இல்லாமல் சொல்லக்கூடாத வார்த்தையை நம் பிள்ளைக்குச் சொல்லலாமாம். எலும்பு எல்லோருக்கும் ஒன்றுதானே? மூளை மட்டும் நமக்குக் குறைவென்று எண்ணிவிட்டார்கள் போலும்!

இன்னொரு வேடிக்கை. அதே பெயருள்ள பொடியை இங்கிலாந்தில் எதற்கு விற்றார்கள் தெரியுமா? இராத்திரி படுக்கப் போகுமுன் குடித்தால் நல்ல தூக்கம் வரும் என்று! 1930ஆம் வருஷங்களில் இதற்காக ஒரு வியாதியையே உற்பத்தி செய்தார்கள். "இராப் பட்டினி" என்று பெயர் வைத்தார்கள். மனிதன் தூங்கும்போதே பட்டினி கிடக்கிறானாம், அதனால்தான் காலையில் சோர்வாக எழுந்திருக்கிறானாம், படுக்கும்போது ஒரு தம்ளர் குடித்தால் தீருமாம். வைத்திய சாஸ்திரத்தில் அப்படி ஒரு வியாதி கிடையாது. விளம்பரக் கம்பெனியின் மேசையில் பிறந்த வியாதி அது. அங்கே அதைக் குடித்துத் தூங்கினார்கள். இங்கே அதைக் குடித்துப் பிள்ளைகள் ஓடுகிறார்கள், பாடத்தில் முதல் மார்க்கு வாங்குகிறார்கள். முதலில் தோஷம் உண்டென்று சொல்லிப் பிறகு பரிகாரம் விற்பதைச் சோதிடனிடம் இவர்கள் கற்றார்களா, இவர்களிடம் சோதிடன் கற்றானா என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இவ்வளவு வருஷமாக இந்தப் பொடிகளை "ஆரோக்கிய பானம்" என்று சொல்லியே விற்றார்கள். 2024 ஏப்ரலில் மத்திய சர்க்கார், நம் உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது, ஆகவே இணையக் கடைக்காரர்கள் போர்ன்விட்டா முதலானவைகளை அந்தத் தலைப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிற்று. ஹார்லிக்ஸ் கம்பெனியும் அந்த மாதமே தன் சரக்கின் வகைப் பெயரை மாற்றிக்கொண்டது. சட்டமே 2006இல் வந்தது. பதினெட்டு வருஷம் இல்லாத பெயரை வைத்துக்கொண்டு வியாபாரம் நடந்திருக்கிறது.

நிற்க. டப்பாவில் எழுதியிருப்பது எல்லாம் பொய் என்று நான் சொல்லுவதாக யாரும் நினைத்துவிடக்கூடாது. அப்படி நினைப்பதும் ஒரு மூடநம்பிக்கைதான். தன் வாக்கைக் காப்பாற்றின பொடி ஒன்று இந்த மேசைமேலேயே இருக்கிறது. இதோ, அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருமமாகக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைப் பொட்டலம். ஓ.ஆர்.எஸ். என்கிறோம். 1971இல் வங்காள தேசத்திலிருந்து இலட்சக் கணக்கில் அகதிகள் வந்தபோது, மேற்கு வங்காளத்தில் பன்காவ் என்ற ஊரில் காலரா. ஊசி வழியே ஏற்றும் தண்ணீர் தீர்ந்துவிட்டது. டாக்டர் திலீப் மகலானபிஸ் என்பவர் உப்பையும் குளுக்கோசையும் சோடா உப்பையும் கணக்காகக் கலந்து, நோயாளியின் உறவினர் கையிலேயே கொடுத்து, வாய் வழியே ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர்வரை மாண்டுகொண்டிருந்த இடத்தில் நாலு பேருக்கும் குறைவாக ஆயிற்று. அந்தக் கணக்கை வெளியிட்டார். உலகத்தார் பல தேசங்களில் சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். இப்பொழுது உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிற அளவு, ஒரு லிட்டருக்கு மொத்தம் 20.5 கிராம் பொடி. அதில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், மற்றவை உப்புகள். அந்த அளவில்தான் குடல், உப்பையும் சர்க்கரையையும் சேர்த்து இழுத்து, கூடவே தண்ணீரையும் உடம்புக்குள் இழுக்கிறது. சர்க்கரை அதிகமானால் தண்ணீர் உள்ளே வருவதற்குப் பதில் வெளியே போகும், பேதி ஜாஸ்தியாகும்.

எத்தனையோ உயிரைக் காப்பாற்றின இந்தப் பொட்டலத்திற்கு எந்தச் சினிமாக்காரராவது ஆடிப்பாடி விளம்பரம் செய்ததைப் பார்த்திருக்கிறீர்களா? லாபம் இல்லாத இடத்தில் பாட்டு எதற்கு!

ஆனால் இதன் பெயருக்கு மதிப்பு வந்தது கண்டு, அந்த மூன்று எழுத்தைத் திருடிக்கொண்டவர்கள் உண்டு. பழரசம் போன்ற இனிப்புத் தண்ணீரைக் காகிதப் பெட்டியில் அடைத்து, அந்த எழுத்துகளைப் பெயரில் ஒட்டவைத்து, மருந்துக் கடைகளிலேயே விற்றார்கள். உள்ளே உலக அளவைப்போலப் பல மடங்கு சர்க்கரை. பேதியாகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்த தாய், ஓ.ஆர்.எஸ். கொடுங்கள் என்று கேட்டாள். கடைக்காரன் இதை எடுத்துக் கொடுத்தான். அவள் மருந்து என்று நினைத்துக் கொடுத்தாள். ஹைதராபாத்தில் ஒரு குழந்தை வைத்தியர், ஓர் அம்மையார், வருஷக்கணக்காக இதை எதிர்த்துப் போராடினார். கடைசியில் 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், மருந்து அளவுப்படி இல்லாத எந்தப் பானமும் அந்த எழுத்துகளைப் பெயரில் வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. வளர்த்திப் பொடியில் ஏமாந்தால் போனது காசு. இதில் ஏமாந்தால் போவது குழந்தை. ஆகையால்தான் டப்பாவைப் படிக்கவேண்டும் என்று தொண்டை வறளக் கத்துகிறோமே தவிர, 250 ரூபாய்க் கணக்குக்காக மட்டுமல்ல.

இனி அந்த ஆண்பிள்ளை கொண்டுவந்த டியூப்புக்கு வருகிறேன். சிவப்பாக்கும் களிம்பு. இந்தத் தேசத்தில் 1975இல் "ஃபேர் அண்டு லவ்லி" என்று பெண்களுக்காக வந்தது. கறுப்புப் பெண்ணுக்கு வேலை கிடைக்கவில்லை, மாப்பிள்ளை கிடைக்கவில்லை, களிம்பு பூசினாள், இரண்டும் கிடைத்தன என்று கதை கதையாகப் படம் காட்டினார்கள். 2020இல், உலகம் முழுதும் நிறவெறிக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்த சமயம், பெயரை மட்டும் மாற்றினார்கள். நாற்பத்தைந்து வருஷத்தில் எத்தனை பெண்கள் கண்ணாடி முன்னால் நின்று தன்னைத் தானே இழிவாக நினைத்திருப்பார்கள்! அந்த நஷ்டத்தை எந்தக் கோர்ட்டில் கேட்பது?

தோலின் நிறம் மெலனின் என்கிற சாயத்தால் வருகிறது. அந்தச் சாயத்தைச் செய்கிற அணுக்கள் கறுத்தவனுக்கும் வெளுத்தவனுக்கும் எண்ணிக்கையில் ஏறக்குறைய ஒன்றே. செய்கிற சாயத்தின் அளவிலும் தினுசிலும்தான் வித்தியாசம். வெயிலில் இருக்கிற கெட்ட கதிர் உள்ளே போகாதபடி பிடித்த குடை அது. குடையைக் கிழித்துவிட்டுக் காசு கொடு என்கிறான் வியாபாரி. இந்தக் களிம்புகளில் வெயில் கறுப்பு ஏறாமல் கொஞ்சம் தடுக்கிற சரக்கும், சாயம் மேல்தோலுக்கு வருவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிற சரக்கும் உண்டு. பூசுகிறவரை ஏதோ ஒரு சாயல் தெரியும், நிறுத்தினால் பழையபடி ஆகும். பிறந்த நிறத்தை மாற்றும் சக்தி அதற்குக் கிடையாது.

ஆண்களையும் விடவில்லை. 2013இல் டில்லியில் ஒருவர் இமாமி கம்பெனியின் ஆண்கள் களிம்பை 79 ரூபாய்க்கு வாங்கி, சொன்னபடியெல்லாம் பூசிப் பார்த்து, சிவக்கவில்லை என்று வழக்குப் போட்டார். கம்பெனி சொன்ன பதிலைக் கவனியுங்கள்: களிம்பு மட்டும் போதாது, நல்ல ஆகாரம் வேண்டும், தேகப் பயிற்சி வேண்டும், நல்ல பழக்கவழக்கம் வேண்டும், வயதும் குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்கவேண்டும் என்றார்கள். விரதத்தில் சுத்தம் போதவில்லை, அதனால்தான் சாமி பலன் தரவில்லை என்று பூசாரி சொல்லுவதைக் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? நீதி மன்றத்தார், இந்த நிபந்தனையெல்லாம் டப்பாவின் மேல் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். 2024 டிசம்பரில் 14.5 லட்சம் ரூபாய் தண்டமும், வழக்குப் போட்டவருக்கு 50,000 ரூபாய் நஷ்டஈடும் கொடுக்கும்படி உத்தரவாயிற்று. 79 ரூபாய்க்காகப் பதினோரு வருஷம் விடாமல் நின்ற அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. பார்த்தால் கைகொடுப்பேன்.

இது பெரிய கம்பெனிக் களிம்பின் கதை. இதைவிட மோசமானது பெயரில்லாக் களிம்பு. என் தங்கை மகளுக்கு இருபத்திரண்டு வயது. பெண் பார்க்க வந்தவன், "கொஞ்சம் நிறம் மட்டு" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பிள்ளை யாருக்கும் தெரியாமல் ஒரு சில்லறைக் கடையில் களிம்பு வாங்கிப் பூசினாள். பத்து நாளில் முகம் வெளுத்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என்னிடம்கூட, "மாமா, பார்த்தீங்களா?" என்று சிரித்தாள். நானும் ஏதோ சொல்லிச் சிரித்து வைத்தேன். கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நாலு மாதத்தில் தோல் காகிதம் மாதிரி மெலிந்து, சிவந்து, வெயிலில் போனால் எரிச்சல். நிறுத்தினால் முகமெல்லாம் கொப்புளம், பூசினால் அடங்குகிறது. தோல் வைத்தியர் பார்த்துவிட்டு, இதில் ஸ்டீராய்டு இருக்கிறது, வைத்தியர் சீட்டு இல்லாமல் தொடவே கூடாத மருந்து என்றார். முகம் தேற ஒன்றரை வருஷம் ஆயிற்று. 2018இல் மத்திய சர்க்கார் இப்பேர்ப்பட்ட ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறது. அட்டையில் பெயரே இல்லாத களிம்புக்கு உத்தரவாவது, மண்ணாவது! 2023இல் கேரளத்தில் மலப்புறம் ஜில்லாவில், விலாசம் இல்லாத சிவப்புக் களிம்பு பூசியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டதை அங்குள்ள வைத்தியர்கள் கண்டுபிடித்தார்கள். பாதரசத்தின் வேலை.

வருணம் என்ற வார்த்தைக்கே நிறம் என்றுதான் அர்த்தம். மனிதனை நிறத்தால் தரம் பிரித்தது சாஸ்திரம். அந்த இழிவை முதலாக வைத்து வியாபாரம் செய்கிறது களிம்பு. "நிறம் மட்டு" என்று சொன்ன அந்த மாப்பிள்ளை என்ன நிறம் என்று கேட்கிறீர்களா? என் நிறந்தான்.

"சர்க்கார் அனுமதி இல்லாமலா விற்கிறான்?" என்று சிலர் கேட்பார்கள். சாப்பாட்டுச் சாமான் ஒவ்வொன்றின் மேலும் 14 இலக்க எண் ஒன்று இருக்கிறது. அது, செய்கிறவன் உரிமம் வாங்கியிருக்கிறான் என்பதற்கு அடையாளமே ஒழிய, விளம்பரத்தில் சொல்லுகிற சங்கதி உண்மை என்பதற்கு சர்க்கார் போட்ட கையெழுத்து அல்ல. விளம்பரத்திற்கு வேறு சட்டம் இருக்கிறது. 1954இல் வந்த சட்டமொன்று, நீரிழிவு, புற்றுநோய், கண்ணில் பூ விழுதல் முதலிய 54 வியாதி, கோளாறுகளுக்குப் பரிகாரம் என்று மருந்து விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது. அதே சட்டம் தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவைகளால் வியாதி தீருமென்று விளம்பரம் செய்வதையும் தண்டிக்கிறது. தாயத்தையும் புட்டியையும் ஒரே சட்டத்தில் வைத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்தான்! ஆனால் அமல்? பதஞ்சலி கம்பெனி தீராத வியாதியெல்லாம் தீரும் என்று விளம்பரம் செய்து, 2023 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் எச்சரித்த பிறகும் நிறுத்தாமல், 2024இல் கோர்ட் அவமதிப்பு நடவடிக்கைக்கு ஆளாகி, பத்திரிகையில் மன்னிப்பு அச்சிட்டது உங்களுக்குத் தெரியும். மன்னிப்பை எவ்வளவு பெரிதாக அச்சிட்டீர்கள், விளம்பரம் போட்ட அளவுக்கா என்று நீதிபதிகள் கேட்டார்கள். அதுவல்லவோ கேள்வி!

இதில் நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, கைக்கடியில் ஏதோ ஒரு சங்கிலி வியாபாரக் கம்பெனியின் பொடியை வைத்துக்கொண்டு, "எதிர்ப்புச் சக்தி வரும் தோழரே" என்று விற்கிற ஒருவரை எனக்குத் தெரியும். அவர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். அவர் கையிலுள்ள தாளில் எதோடு ஒப்பிட்டார்கள் என்று இருக்கிறதா என்று கூட்டம் முடிந்ததும் காட்டட்டும். இருந்தால் அடுத்த கூட்டத்தில் நானே படித்துக் காட்டுகிறேன்.

ஏமாந்தவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1915 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, நுகர்வோர் முறையீடு சொல்லலாம். தமிழிலேயே சொல்லலாம். 2019ஆம் வருஷத்துச் சட்டப்படி பொய் விளம்பரத்திற்கு 10 லட்சம்வரை தண்டம் உண்டு. அதில் நடித்தவருக்கும் பொறுப்பு உண்டு. பில்லை மட்டும் கிழித்துப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். 

என் மகனுக்கு இப்பொழுது பத்தொன்பது வயது. சரியாக என் உயரம் இருக்கிறான். நான் எவ்வளவு உயரம் என்பதை நீங்களே பார்க்கிறீர்கள். பரணிலிருந்த தாயத்தை என் தாயார் இறந்த பிறகு எடுத்துத் திறந்து பார்த்தேன். தகட்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நேரம் ஆகிவிட்டது. இனி நான் பேசப் போவதில்லை. பிள்ளைகளில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் மேடைக்கு வாருங்கள். இந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்கம் இருப்பதை ஒலிபெருக்கியில் படியுங்கள். அர்த்தம் தெரியாத இடத்தில் நிறுத்துங்கள், தெரிந்தவர்கள் சொல்லுவார்கள். எனக்கும் தெரியாத இடம் வரும். எழுத்து மிகவும் பொடியாக இருக்கிறது. தோழர்களே, அந்த விளக்கைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள்.